கீற்றுக்குக் கீழே, கிரில்லுக்கு உள்ளே

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு மேல் அடுப்பு எரியாது. யாரும் சட்டம் போடவில்லை, தண்டோராவும் போடவில்லை. பத்துக்குள் சோறு வடித்துவிட வேண்டும். கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, மண்ணில் புரட்டி, வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி போட வேண்டும். காற்று கிளம்பிய பிறகு எந்தக் கூரைக்கு மேலாவது புகை தெரிந்தால் என் அப்பாயி அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். "ஏண்டி, ஊரே தின்னு முடிச்சாச்சு, ஒனக்கு மட்டும் இப்பத்தான் பசிக்குதா?" தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்பது அன்றைக்கு அப்பாயியின் வாய்தான். கட்டணம் கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டாம்.

நான் சொல்வது எழுபதுகளின் காவிரிப் படுகை. தெருவில் பாதிக்கு மேல் கீற்று வீடுகள். தென்னை மட்டையைக் குளத்தில் ஊறப்போட்டு, முடைந்து, மூங்கில் கழிகளில் வரிசையாகக் கட்டிய கூரை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றக் கையில் காசில்லாதவர்கள் பழைய கீற்றின் மேலேயே புதுசைப் போட்டு மூடிக்கொள்வார்கள். அப்படி நாலு தலைமுறைக் கீற்று சேர்ந்த கூரைகள் உண்டு. மழைக்கு அது நல்லது. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்போது, அதற்குக் கீழே அடுப்பு மூட்டிக் குழம்பு கொதிக்க வைப்பது தினப்படி சாகசம்.

ஒரு பகலில் கீழண்டைக் கோடி வீடு பற்றிக்கொண்டது. நெருப்பைப் பார்ப்பதற்கு முன் சத்தத்தைத்தான் கேட்டேன். மூங்கில் கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி, ஒவ்வொரு கணுவாக வெடிக்கும் சத்தம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வேட்டு போடுகிறார்கள் என்று பார்க்க ஓடினேன். அங்கே ஆண்கள் எரியும் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த வீட்டுக் கூரைமேல் ஏறி, அரிவாளால் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் கீழே நின்று மாரில் அடித்துக்கொண்டார்.

"எரியாத வீட்டைப் பிரிக்கிறீங்களேடா, பாவிங்களா!"

"எரிஞ்சது போச்சு சித்தப்பா. ஒங்க கூரை இருந்தா தெருவே போயிடும்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

பிரித்த கீற்றைத் தொரட்டி போட்டு இழுத்துக் குளத்துப் பக்கம் தள்ளினார்கள். பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்த தண்ணீரை எரியும் வீட்டின் மேல் ஊற்றாமல், எரியாத கூரைகளின் மேல் ஊற்றினார்கள். கோணிச்சாக்கை நனைத்து, பறந்து விழும் பொறிகளை அடித்தார்கள். நெருப்பு அந்த வெட்டவெளி வரைக்கும் வந்து, தின்ன எதுவும் இல்லாமல் படுத்துவிட்டது. பக்கத்து டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தபோது சாம்பல்தான் இருந்தது. வந்ததற்கு அதன்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். நாங்கள் பையன்கள் அந்தத் தண்ணீரில் குளித்தோம். வேறெந்த நாளிலும் கிடைக்காத சுகம் அது.

அந்தத் தீயில் யாரும் சாகவில்லை. பூட்டிக்கொண்டு உள்ளே மாட்டிக்கொள்ள, கதவு என்று ஒன்று இருந்தால்தானே? வாசலில் மூங்கில் படல், பின்பக்கம் கீற்றுத் தட்டி. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவியை அவள் மகன் அந்தத் தட்டியை ஓர் உதை உதைத்து, அந்த ஓட்டை வழியாகவே தூக்கிக்கொண்டு வந்தான். திருடன் வந்து எடுத்துப்போக ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து மனிதர்கள் வெளியேறுவது சுலபம். இதை ஏழ்மையின் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் அன்றைக்கு நெல்லும் பாயும் ரேஷன் கார்டும் இல்லாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து நிவாரணம் கொடுத்தார்கள். வேட்டி, சேலை, அரிசி, கொஞ்சம் பணம், கூடவே மண்ணெண்ணெய். வீடு எரிந்து போனவனுக்கு மண்ணெண்ணெய் கொடுக்கும் அரசாங்கத்தின் மனசு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்தப் பட்டியல் பிறகும் மாறவில்லை. குடிசை எரிந்த செய்திகளில் அதே நான்கைந்து சாமான்களை ரொம்ப காலம் படித்து வந்தேன்.

எதனால் பற்றியது என்பதில் ஊருக்குக் குழப்பமே வராது. அணையாத கொள்ளி, இல்லையென்றால் செருகி வைத்த பீடி, இல்லையென்றால் தீபாவளி ராக்கெட். அதுவும் இல்லையென்றால் எலி. எண்ணெய் ருசிக்கு ஆசைப்பட்டு, எரிகிற திரியை விளக்கிலிருந்து இழுத்துக்கொண்டு எலி கூரையேறும். கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு காரணத்தை மட்டும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: வச்ச நெருப்பு. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலியைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ராமய்யாவின் குடிசைக்குள் அடைந்துகொண்டன. குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கேயும் கீற்றுதான், தட்டிதான். ஆனால் தட்டியை உதைத்து வெளியே வருவதற்கு, வெளியே ஆயுதத்தோடு ஆள் நிற்காமல் இருக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அப்பாயியின் பத்து மணிச் சட்டத்தில் இதற்கெல்லாம் பிரிவு கிடையாது.

வீட்டுக் கூரைக்கு இவ்வளவு பயந்த ஊர், சாயங்காலமானால் அதைவிடப் பெரிய கீற்றுக் கூரைக்குக் கீழே சந்தோஷமாகப் போய் உட்காரும். டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொண்டு, ஊர் பூராவும் பீடி பிடித்தபடி, "புகை பிடிக்காதீர்கள்" என்ற சிலைடைப் புகைமூட்டத்தின் வழியே படிப்பார்கள். சினிமாக் கொட்டகைக்கு சி ஃபார்ம் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் என்றால் மணல் வாளி வேண்டும். ஆகவே வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்கும். அவற்றில் வெற்றிலை எச்சில், பீடித்துண்டு, முறுக்கு சுற்றிவந்த காகிதம் என எல்லாம் இருக்கும். மணல் மட்டும் தரையில் இருக்கும், நாங்கள் மேடு கட்டுவதற்கு.

ஆபரேட்டர் அறைக்கு மட்டும் செங்கல் சுவரும் இரும்புக் கதவும் இருந்தன. கீற்றுக் கொட்டகைக்குள் எதற்கு இந்தக் கோட்டை என்று எனக்கு ஆச்சரியம். ரொம்ப நாள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. ஐம்பதுகளின் தொடக்கம் வரை சினிமாப் படச்சுருள் நைட்ரேட்டில் வந்தது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற சரக்கு. பற்றினால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். அதற்காக உலகம் முழுக்க எழுதிய விதிகள், நைட்ரேட் ஒழிந்த பிறகும் எங்கள் ஊர் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தன. படத்துக்கு நெருப்புக் காப்பு இருந்தது, பார்ப்பவர்களுக்குத்தான் கிடையாது. ரீல் சிக்கிக்கொண்டால் கார்பன் விளக்கின் சூட்டில் பிலிம் உருகும். எம்.ஜி.ஆர். முகத்தின் நடுவில் ஒரு பழுப்புக் கொப்புளம் கிளம்பி, விளிம்பு கருகி, வெள்ளையாகப் பரவும். விசில் பறக்கும். அது நெருப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. 1979-ல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை எரிந்து பலர் மாண்ட செய்தி வந்தபோது எங்கள் கொட்டகை வாளிகளைக் கழுவி மணல் நிரப்பினார்கள். பொங்கலுக்குள் மறுபடி எச்சில் சேர்ந்துவிட்டது.

எண்பதுகளில் நெருப்பு கூரையை விட்டு இறங்கி அடுப்பங்கரைக்கு வந்தது. பம்பு ஸ்டவ் காலம். மண்ணெண்ணெயைக் காற்றடித்து மேலே ஏற்றி, பின் ஊசியால் துவாரத்தைக் குத்தி, நீல நெருப்பு வரும்வரை பெண்கள் அதன் முன்னால் தவம் கிடப்பார்கள். அதே காலத்தில் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வந்துகொண்டிருந்தது: ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு. கவனித்துப் படித்தால் இந்த ஸ்டவ்வுக்கு அபாரமான பகுத்தறிவு. மாமியார் காப்பி போடும்போது வெடிக்காது. மாமனாருக்கு வெந்நீர் வைக்கும்போது வெடிக்காது. நாத்தனார் தொட்டாலும் சாதுவாக எரியும். கல்யாணமாகி நாலைந்து வருஷத்துக்குள் இருக்கிற, சீர் பாக்கி வைத்த மருமகள் வந்து நின்றால் மட்டும் வெடிக்கும். 1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு வந்தது. 1986-ல் 304-பி வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் எரிந்து செத்து, அதற்கு முன் வரதட்சிணைக் கொடுமை நடந்ததென்று தெரிந்தால், அது வரதட்சிணை மரணம் என்று சட்டம் சொல்ல வேண்டி வந்தது. ஆர்.டி.ஓ. விசாரணை என்ற வார்த்தை ஊரெல்லாம் பழக்கமானது. அப்புறம் ஸ்டவ்வின் குணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். வராந்தாவில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பக்கம். நடுவில் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் வாங்க உள்ளே போனார். பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர், கேட்கிற எல்லாரிடமும் ஸ்டவ் கம்பெனியின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

கீற்று அதற்குள் தன் கணக்கை முடிக்கவில்லை. 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தல் பற்றியது. தீயிலும் நெரிசலிலுமாக 48 பேர். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் எரிந்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில், வீடியோ விளக்கின் ஒயரில் கிளம்பிய பொறி. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். மாடியில் பந்தல் போடுவது எவ்வளவு ஆபத்து என்று தமிழ்நாடு முழுக்க ஆறு மாதம் பேசினோம். ஆறாவது மாதம், 2004 ஜூலை 16 வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு சமைத்த இடத்திலிருந்து நெருப்பு மாடிக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பில் சின்னப் பிள்ளைகள், மேலே கீற்று, கீழே இறங்க ஒடுங்கலான ஒரு படி. 94 குழந்தைகள்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் தோன்றியது. அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிக்குக் கீற்றைப் பற்றித் தெரியாததா? தரையில் இருக்கும்வரை கீற்று ஓர் உதைக்கு வழிவிட்டது. அதைக் கான்கிரீட் சுவர்மேல் மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், படிக்கட்டை ஒன்றாக்கியது நவீன புத்தி. பழசின் பற்றும் குணமும் புதுசின் அடைப்பும் ஒரே கட்டடத்தில் கைகோத்துக்கொண்டன. விசாரணைக்குச் சம்பத் கமிஷன் வந்தது. பள்ளிக்கூடங்களில் கீற்று இருக்கக் கூடாதென்று உத்தரவு போய், மாநிலம் முழுக்கக் கூரைகளைப் பிரித்தார்கள். வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில். அந்தக் குழந்தைகள் இருந்திருந்தால் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் வருஷம்.

இப்போது எங்கள் தெருவில் கீற்று வீட்டைத் தேடினாலும் கிடைக்காது. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றப்போவதாக அறிவிப்பு. இடையில் பசுமை வீடு. 2024-ல் கனவு இல்லம். கோடி வீட்டுக் கிழவியின் பேரன் மொட்டை மாடியோடு வீடு கட்டிவிட்டான். கீற்று முடையத் தெரிந்த கடைசி ஆள், ரிசார்ட்டுக்காரர்கள் கூப்பிட்டால் போய் முடைந்து கொடுக்கிறார். ஏ.சி. அறைக்கு மேலே அலங்காரத்துக்குக் கீற்று வேய்கிறார்களாம்.

எனவே நெருப்பு ஒழிந்திருக்க வேண்டும் இல்லையா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாடு முழுக்கத் தீ விபத்துகளில் இறந்தவர்கள் ஏழாயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் வீடுகளில். சிமெண்ட் எரியாதுதான். சிமெண்டுக்குள் நாம் வாங்கிப் போட்டிருப்பது எரிகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் முழுக்கக் கல். நூற்றாண்டுகளாக எந்தத் தீபமும் அதை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே கடை போட்டார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு, பூட்டிய கடைகளில் கிளம்பிய தீயில் கல் வெடித்து, தூணும் கூரையும் சரிந்தன. குடிசைக்குக் கூரை எமன், கல் மண்டபத்துக்குக் கடைச் சரக்கு எமன்.

அமெரிக்காவில் யூ.எல். என்ற சோதனை நிறுவனம் ஒன்று இரண்டு அறைகளை வேண்டுமென்றே கொளுத்திப் பார்த்திருக்கிறது. ஒன்றில் பழைய கால மர நாற்காலி, பஞ்சு மெத்தை. மற்றதில் இன்றைய ஃபோம் சோபா, செயற்கை இழைத் திரை. பழைய அறை முழுவதும் பற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. புதிய அறை நான்கு நிமிடத்துக்குள் பற்றியது. இதைப் படித்தபோது எனக்குக் கீழண்டைக் கோடி வீடுதான் ஞாபகம் வந்தது. அதுவும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் எரிந்தது. ஐம்பது வருஷம் உழைத்து, கடன் வாங்கி, ஈ.எம்.ஐ. கட்டி, நாம் கீற்றின் வேகத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. கீற்றில் புகை கூரை வழியே மேலே போய்விடும். ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே, ஏ.சி.க்காக இடுக்கெல்லாம் அடைத்த அறையில் அது எங்கும் போகாது. ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடோடு சயனைடும் இருக்கிறது. நெருப்பு வந்து சேர்வதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவான்.

கொள்ளிக்கட்டையின் வேலையை இப்போது மின்சாரம் பார்க்கிறது. குடிசைக்கு ஒரு விளக்கு என்று இணைப்பு கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2006-க்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கலர் டி.வி. வந்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. எல்லாம் இலவசம். ஒயரை மட்டும் யாரும் இலவசமாக மாற்றித் தரவில்லை. அடிக்கடி பீஸ் போகும். எங்கள் ஊர் வைத்தியம், பீஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் நல்ல மொத்தமான செம்புக் கம்பியாக நாலு இழை முறுக்கி வைப்பது. அப்புறம் பீஸ் போகவே போகாது. வீடுதான் போகும். இதைச் செய்து கொடுத்தவரை ஊரே கெட்டிக்காரர் என்று கொண்டாடியது. சென்னையில் நான் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்தில் இது படித்தவர்கள் பாணியில் நடக்கிறது. எம்.சி.பி. டிரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் பத்தே நிமிடத்தில் தீர்த்து வைக்கிறார். "பதினாறு ஆம்ப்ஸ் போட்டிருந்தாங்க சார். முப்பத்திரண்டு போட்டுட்டேன். இனி தொல்லையே இல்ல." சுவருக்குள் ஒயர் அதே பழைய ஒயர். ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரில் ஏறும் சூடு நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறை எழுபது டிகிரி சூட்டுக்குத்தான் பொறுப்பேற்கும். டிரிப் ஆவது அப்பாயி வாசலில் வந்து நின்று கத்துவது மாதிரி. நாம் அப்பாயியின் வாயை அடைத்துவிட்டு, நிம்மதியாக ஏ.சி.யைப் பதினெட்டில் வைக்கிறோம்.

பத்திரிகைகளும் வசதியாகிவிட்டன. முன்பு ஸ்டவ் சுமந்த பாரத்தை இப்போது மின்கசிவு சுமக்கிறது. தீ அணைவதற்கு முன்பே முதற்கட்ட விசாரணையில் மின்கசிவு என்று தெரிந்துவிடுகிறது. தளர்ந்த ஸ்க்ரூ, ஒரே பிளக்கில் நாலு சாதனம், லைசென்ஸுக்கு மேல் கட்டிய மாடி, ஆண்டு முடிவில் கணக்குக் காட்ட வேண்டிய கிடங்கு, எல்லாம் அந்த ஒற்றைப் போர்வைக்குள் படுத்துக்கொள்ளும். எலியைக்கூட இப்போதெல்லாம் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒயரைக் கடிப்பது அதுதான் என்றாலும்.

2017 மே 31 விடியற்காலை, தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்ததைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். கடை திறக்காத நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. மேலே மாட்டிக்கொண்ட ஊழியர்களை இறக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு நாளுக்கு மேல் அணைக்க முடியவில்லை. நான்கு பக்கமும் மூடிய கட்டடம், உள்ளே ஏழு மாடிக்குத் துணி. தீயணைப்பு வீரர்கள் புகை போகவும் தண்ணீர் போகவும் சுவரை உடைத்து வழி செய்ய வேண்டியிருந்தது. கோடி வீட்டு மகன் ஓர் உதையில் செய்ததை இவர்கள் இயந்திரம் வைத்துச் செய்தார்கள். கடைசியில் கட்டடத்தின் ஒரு பகுதி தானே விழுந்தது. மிச்சத்தை இடித்தார்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்து இருவர். அதே டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் கிடைத்தது லிஃப்டுக்குள்.

எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். கீழ்வீட்டில் ஒருமுறை ஜன்னலோரம் வைத்த செல்போன் திருடுபோனது. உடனே எட்டு மாடிக்கும் பால்கனியில் கிரில் அடிக்க சங்கம் தீர்மானம் போட்டது. எட்டாவது மாடிக்கு வரத் திருடனுக்கு இறக்கை வேண்டும். அதைச் சொன்னால், "புறா வருதே சார்" என்றார்கள். என் வீட்டுக் கிரில்லில் உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒரு சின்னக் கதவு வை என்று வெல்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிரில்லே போடாம இருக்கலாமே சார்?" கதவு வைத்தாயிற்று. பேரன் திறந்துவிடுவான் என்று வீட்டில் அதற்கு ஒரு பூட்டும் போட்டாயிற்று.

ஒவ்வொரு மாடியிலும் சிவப்புப் பெட்டி இருக்கிறது. எங்கள் மாடிப் பெட்டியில் வாட்ச்மேனின் லுங்கியும் டிபன் கேரியரும் இருக்கின்றன. ஹோஸ் மடித்தபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் பித்தளை நாசிலை எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்று எட்டு நாசிலையும் செக்ரட்டரி தம் வீட்டு பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறார். பின்படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டு, ஓடாத சைக்கிள், ஒரு வீட்டின் கொலுப்படி. கீழே அதன் கதவுக்குப் பூட்டு, நாய் வருகிறதாம்.

போன வருஷம் தீத்தொண்டு வாரத்தில் நிலைய அலுவலர் ஒருவரை அழைத்து வந்தோம். ஏப்ரல் 14 முதல் 20 வரை நடக்கும் வாரம் அது. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, தீயணைக்கப் போன 66 வீரர்கள் இறந்த நாள் ஏப்ரல் 14. அலுவலர் இதைச் சொன்னபோது பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஸ் சிலிண்டர் பற்றினால் என்ன செய்வது என்று செய்து காட்டத் தொடங்கியதும் நிமிர்ந்தார்கள். சிலிண்டர் வாயில் ஆளுயரத்துக்கு நெருப்பு. "பயப்படாதீங்க. இதுக்குப் பெரிய கருவியெல்லாம் வேணாம். வீட்ல ஒரு கோணிச்சாக்கு எடுத்து நனைச்சுட்டு வாங்க" என்றார். எட்டு மாடியிலும் ஒரு வீட்டில்கூடக் கோணிச்சாக்கு இல்லை. அரிசி பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது. முக்கு மளிகைக் கடைக்கு வாட்ச்மேனை அனுப்பி, பழைய உருளைக்கிழங்கு மூட்டைச் சாக்கு ஒன்றை வாங்கி வந்தோம். கடைக்காரர் இருபது ரூபாய் கேட்டிருக்கிறார். அலுவலர் அதை நனைத்து, நெருப்பின் மேல் ஒரே வீச்சாகப் போர்த்தினார். அணைந்தது. கை தட்டினார்கள்.

பிறகு ஒத்திகை. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி, மணி அடித்ததும் லிஃப்டைத் தொடாமல் பின்படிக்கட்டு வழியாக இறங்கி வர வேண்டும் என்றார். மணி அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி பின்படிக்கட்டுப் பக்கம் நின்றார். நானும் கூட நின்றேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கம் ஒரு காலடிச் சத்தமும் இல்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தால், முறை வைத்து லிஃப்டில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் வீடியோ எடுப்பார்கள் என்று உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"லிஃப்ட் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"நெஜமா தீப்பிடிச்சா படியிலதான் சார் வருவோம். இது சும்மாதானே" என்றார் ஆறாம் மாடிக்காரர்.

அலுவலர் ஒன்றும் பேசாமல் பின்படிக்கட்டுக் கதவைக் காட்டி, இதைத் திறங்கள் என்றார். வாட்ச்மேன் செக்ரட்டரியைப் பார்த்தார். "சாவி மேல பீரோவுல இருக்கு, ஒரே நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, செக்ரட்டரி லிஃப்டில் ஏறி மேலே போனார்.